எனக்கு இனி என்னத்துக்கு ஊசி?

எங்கள் கிராமங்களில் வயதானவர்களிடம் தடுப்பூசி பற்றிப் பேசப்போனால் முதலில் வருகிற பதில் இதுதான். "எனக்கு இனி என்னத்துக்கு ஊசி, பிள்ளை? அதைச் சின்னஞ்சிறுசுகளுக்குப் போடுங்கோ." சொல்பவர் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. வாழ்ந்து முடித்துவிட்டோம் என்ற களைப்பு மட்டுமே இருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் மறுத்துப் பேசுவதில்லை. "அம்மா வெளிய எங்க போறா? அவவுக்கு எங்கயிருந்து வருத்தம் வரப்போகுது?" என்று அவர்களும் ஒத்துப் பாடுவார்கள்.

இந்த இரண்டு பேச்சையும் நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதில் பாதி உண்மை இருக்கிறது. முதியவர்களுக்குத் தடுப்பூசி இளையவர்களுக்குப் போல முழுமையாக வேலை செய்வதில்லை என்பது மெய்தான். அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு ஊசியே வேண்டாம் என்று முடிவுகட்டுவதுதான் பிழை.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். இன்று எழுபதைத் தொடுகிறவர்களுக்கு 1990இல் வயது முப்பத்தைந்து அளவில். மன்னார்க் கரையிலிருந்து இரவோடு இரவாகப் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் அவர்கள். மடுவிலும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஸ்தாபனம் நடத்திய திறந்த நிவாரண நிலையங்களில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போன முஸ்லிம் சகோதரர்களும் அதே வயதினரே. 2007இல் முள்ளிக்குளத்தையும் முசலிக் கிராமங்களையும் விட்டு வந்தவர்களும், 2008இல் மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் நடந்து 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வந்து விழுந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்தது, எந்தப் பாலை மரம் யாருடைய எல்லை என்பது அவர்களுடைய தலைக்குள் இருக்கிறது. உறுதி தொலைந்துபோன காணிகளுக்கு எல்லை சொல்ல இந்த மனிதர்களை விட்டால் ஆள் இல்லை. காணிக்காக மனுக்கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. ஆச்சி ஒரு வாயில்லாப் பாரம் அல்ல. வழக்கில் முதலாவது சாட்சி அவதான்.

காணிக்காகத்தான் கிழவரை வாழவைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காணியே இல்லாத கிழவருக்கும் மூச்சு மூச்சுத்தான். ஆனால் அவர் போனால் என்ன போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூச்சோடு வரும் வருத்தங்களை நாம் எல்லாம் "தடிமன் காய்ச்சல்" என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். உள்ளே பல வைரசுகள் உண்டு. அவற்றுள் இன்புளுவென்சா ஒன்று, கொவிட் ஒன்று, ஆர்.எஸ்.வி. எனப்படுவது இன்னொன்று. இளையவருக்கு இவை மூன்று நாள் படுக்கை. அறுபதைத் தாண்டியவருக்கு, அதுவும் சீனி வருத்தம், பிரசர், முட்டு என்று கிளினிக் கொப்பி வைத்திருப்பவருக்கு, அதே தடிமன் நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவாகும். நாற்பது வருடம் விறகடுப்புப் புகையைக் குடித்த நெஞ்சு அது என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த வருத்தங்களுக்கும் எங்கள் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1918இல், உலகம் முழுவதையும் வாட்டிய இன்புளுவென்சா இலங்கைக்குள் புகுந்த வாசல்களில் கொழும்புத் துறைமுகம் ஒன்று, தலைமன்னார் மற்றொன்று என்று அக்காலத்து இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நோயால் இத்தீவு இழந்த மக்கள்தொகை 3 இலட்சத்துக்கு மேல் என்பது அவர்களுடைய மதிப்பீடு. நூற்றுக்கு ஆறு பேருக்கும் அதிகம். அப்போது தடுப்பூசி எதுவும் இல்லை. இன்புளுவென்சா வைரசையே மனிதரில் 1933இல்தான் கண்டுபிடித்தார்கள். இருந்தது மறிப்பு ஒன்றுதான். தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை அக்கரையில் மண்டபத்தில் மறித்து வைத்துப் பார்த்துத்தான் இலங்கைக்கு அனுப்புவார்கள். எழுபது வருடம் கழித்து எம்மவர் அகதிகளாகப் போய் இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

இனித் தடுப்பூசியின் கதைக்கு வருவோம்.

ஊசி நேரடியாக வருத்தத்தைக் கொல்லும் மருந்து அல்ல. இறந்த வைரசையோ அதன் ஒரு துண்டையோ உடம்புக்குக் காட்டி, "இப்படி ஒருவன் வருவான், அடையாளம் பார்த்துக்கொள்" என்று பழக்குவதுதான் அது. பழகவேண்டியது உடம்பு. வயதுபோன உடம்பு புதிய முகத்தைப் பழக நாள் எடுக்கும், பழகியதையும் கெதியில் மறக்கும். ஆகையால் ஒரே ஊசி இருபது வயதுப் பேரனுக்கும் எழுபது வயது அப்பப்பாவுக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. இதில் மருந்தின் குற்றமும் இல்லை, அப்பப்பாவின் குற்றமும் இல்லை. அவருக்குக் கூடுதலாகவோ அடிக்கடியோ கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

2021இல் இந்த நாடு இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தது. அந்த ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 இலட்சம் கொவிசீல்ட் ஊசிகள் வந்து சேர்ந்தன. மறுநாளே சுகாதார ஊழியர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். அது சரி. அதற்குப் பிறகு யாருக்கு என்ற கேள்வி வந்தபோது, முதியவர்களை விட்டு 30 முதல் 60 வயது வரையான உழைக்கும் வயதினருக்கு முன்னிடம் என்று பெப்ரவரியில் முடிவெடுத்தார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் சொன்ன வரிசைக்கு இது நேர்மாறு. உழைப்பவன் வெளியே போகிறான், அவன்தான் நோயைக் கொண்டுவருகிறான் என்று நியாயம் சொன்னார்கள். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சாகிறவர்கள் வேறு ஆட்கள். இலங்கையில் கொவிட்டால் இறந்ததாகப் பதிவான 16,800க்கு மேற்பட்டவர்களில் பெரும்பான்மையோர் அறுபதைக் கடந்தவர்கள். 2021 ஆகஸ்ட் கடைசியில் நாளொன்றுக்கு இருநூறு மரணங்களுக்கு மேல் அறிவிக்கப்பட்டன. ஊசி முதலில் போகவேண்டியிருந்தது எந்தத் தோளுக்கு என்பதை அந்த மாதம் காட்டியது.

அடுத்த விடயம், எந்த ஊசி என்பது. கொவிசீல்ட் வரவு இடையில் நின்றுபோய், முதலாவது ஊசி போட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதற்குக் காத்துக்கிடந்தார்கள். நாட்டில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சீனாவின் சினோபார்ம். 2021 மே 7ஆம் திகதி உலகச் சுகாதார ஸ்தாபனம் அதற்கு அனுமதி கொடுத்தபோது, வருத்தம் வராமல் தடுப்பதில் ஏறத்தாழ 79 வீதம் பலன் என்று சொன்னது. ஆனால் அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. பரிசோதனையில் சேர்ந்தவர்களில் அறுபதுக்கு மேற்பட்டோர் மிகச் சிலர்தான், ஆகவே அந்த வயதினரில் பலன் எவ்வளவு என்று கணிக்க முடியவில்லை என்றது. அதாவது, யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம் சோதித்துப் பார்க்காத ஊசி. வேலி கட்டிவிட்டு, மாடு வரும் பக்கத்தை மட்டும் பார்க்காமல் விட்டதுபோல.

பிறகு எங்கள் நாட்டிலேயே பார்த்தார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு, சினோபார்ம் இரண்டு ஊசியும் போட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. நல்ல செய்தி. ஆனால் அறுபதைத் தாண்டியவர்களில் அதன் அளவு இளையவர்களை விடக் குறைவாக இருந்தது. 2021 ஒக்டோபரில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, சினோபார்மோ சினோவக்கோ போட்ட அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாவது ஊசி கொடுக்க வேண்டும் என்று கூறியது. மேலதிகமாகத் தரும் ஊசியாக அல்ல, முதல் தொகுதியின் பகுதியாகவே. இலங்கையிலும் நவம்பரில் மூன்றாவதாகப் பைசர் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த மூன்றாவது ஊசியில்தான் எம்மவர் பலர் கோட்டைவிட்டார்கள். நாடு முழுவதிலும் இரண்டு ஊசி போட்டவர்கள் 1 கோடி 40 இலட்சத்துக்கு மேல். மூன்றாவது போட்டவர்கள் 80 இலட்சம் அளவில். "ரெண்டு போட்டாச்சு, காட்டும் கிடைச்சிட்டுது" என்று கையை உதறிவிட்டார்கள். காட்டுக்காகப் போட்ட ஊசி அது என்று எங்கள் சனம் விளங்கிக்கொண்டதில் அதிகாரிகளுக்கும் பங்குண்டு, எங்களுக்கும் பங்குண்டு. மூன்றாவது ஊசி ஏன் என்று வீட்டு வாசலில் நின்று விளக்கியவர்கள் குறைவு.

மூன்றாவது எவ்வளவு பெறுமதி என்பதை ஹொங்கொங் காட்டியது. நல்ல வைத்தியசாலைகள் உள்ள பணக்கார ஊர் அது. ஆனால் அங்கேயும் கிழவர் கிழவிகள், "எனக்கு இனி என்னத்துக்கு?" என்றுதான் இருந்தார்கள். பிள்ளைகளும் வயதுபோன உடம்பு ஊசியைத் தாங்காது என்று பயந்தார்கள். 2022இன் தொடக்கத்தில் ஒமிக்ரோன் அலை அடித்தபோது சில கிழமைகளுக்குள் ஆயிரக்கணக்கான முதியவர்கள் இறந்தார்கள். சனத்தொகைக்கு அளவாகப் பார்த்தால் அந்நேரத்தில் உலகிலேயே மிக மோசமான மரண வீதங்களில் ஒன்று. அங்குள்ள ஆய்வாளர்கள் அறுபதைத் தாண்டியவர்களை எடுத்து எண்ணினார்கள். கடும் வருத்தத்தையும் சாவையும் தடுப்பதில், சினோவக் இரண்டு ஊசிக்கு ஏறத்தாழ 70 வீதம். பைசர் வகை இரண்டு ஊசிக்கு ஏறத்தாழ 90 வீதம். மூன்று ஊசி போட்டவர்களில், எந்த வகையானாலும், 98 வீதம் அளவில். சினோவக்கும் சினோபார்மும் ஒரே முறையில் ஆக்கப்பட்டவை. ஆகவே இந்தக் கணக்கு எங்களுக்குத் தூரத்துக் கணக்கல்ல.

பிரித்தானியாவிலும், எண்பதைத் தாண்டியவர்களில், அஸ்ட்ராசெனகாவோ பைசரோ ஒரே ஒரு ஊசி போட்டிருந்தாலும் வைத்தியசாலைக்குப் போகும் ஆபத்து ஏறத்தாழ 80 வீதம் குறைந்ததை 2021இல் கண்டார்கள். எண்பது வயது உடம்பும் பழகும். அது கிழமை கணக்கில், மாதக் கணக்கில் மறக்கிறது என்பதால் திரும்பவும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்டவருக்கும் தடிமன் வரும், கொவிட்டும் வரும். "போட்டும் வந்ததுதானே" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வந்தது, ஆனால் மன்னார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் திண்ணையிலேயே மாறியதா இல்லையா என்று பாருங்கள். குளக்கட்டு இருந்தாலும் மழையில் நனைவோம். ஆனால் ஊர் அள்ளுண்டு போகாது.

கொவிட்டை விட இன்புளுவென்சா ஊசிக் கதை இன்னும் கடினம். அந்த வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு வேடம் மாற்றும். உலகச் சுகாதார ஸ்தாபனம் வருடத்தில் இரண்டு முறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் கூடி, அடுத்த பருவத்தில் எந்த வேடம் வரும் என்று கணித்துச் சொல்லும். அதன்படிதான் ஊசி செய்கிறார்கள். கணிப்புச் சரியாக விழுந்த ஆண்டுகளில் 40 முதல் 60 வீதம் பலன். பிழைத்த ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. முதியவர்களில் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் குறைவு. சாதாரண ஊசியின் நான்கு மடங்கு மருந்துள்ள ஊசி ஒன்றை அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்காவில் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண ஊசியை விட அது 24 வீதம் கூடப் பாதுகாத்தது என்று 2014இல் முடிவு வந்தது. கூடக் கொடுத்தால் கிழ உடம்பும் கூடப் பழகும் என்பதற்கு அது சாட்சி.

"பாதிதானே தடுக்கும், அதற்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்கலாம். விதைப்புக் கணக்குத் தெரிந்தவர்களிடம் இதைக் கணக்காகவே சொல்கிறோம். விளக்கத்துக்காக மட்டும் ஓர் உதாரணம் எடுப்போம். ஆயிரம் இளைஞரில் ஒருவருக்குத்தான் வருத்தம் கடுமையாகும் என்று வையுங்கள். ஆயிரம் முதியவரில் இருபது பேருக்குக் கடுமையாகும் என்று வையுங்கள். இளைஞரில் ஊசி நூற்றுக்குத் தொண்ணூறு தடுத்தாலும் காப்பாற்றப்படுவது ஒருவர்கூட முழுசாக இல்லை. முதியவரில் நூற்றுக்கு ஐம்பதுதான் தடுத்தாலும் பத்துப் பேர் தப்புவார்கள். நோய் எங்கே கூட விளைகிறதோ, அங்கே போட்ட அரைகுறை வேலியும் மற்ற இடத்து முழு வேலியை விடக் கூடக் காக்கும். 2021இல் முன்னிடம் யாருக்கு என்று முடிவெடுத்தவர்கள் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆர்.எஸ்.வி.க்கு 2023 வரை முதியவருக்கு ஊசியே இல்லை. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் இரண்டு ஊசிகள் அனுமதி பெற்றன. ஒன்று அறுபதுக்கு மேற்பட்டோரில் நெஞ்சுக்கு இறங்கும் வருத்தத்தை முதற் பருவத்தில் ஏறத்தாழ 83 வீதம் தடுத்தது. நல்லது. ஆனால் விலையைக் கேட்டால் எங்கள் மக்களுக்கு மயக்கம் வரும். அது எங்கள் வாசலுக்கு வரும் நாள் வரட்டும். இப்போதைக்கு வாதாட வேண்டியது இன்புளுவென்சா ஊசிக்காக.

இலங்கையில் இன்புளுவென்சா வருடத்தில் இரண்டு முறை தலைதூக்கும். ஒன்று ஆண்டின் நடுப்பகுதியில். மற்றது நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை. இரண்டாவது எங்களுக்கு எந்தக் காலம் என்று சொல்லத் தேவையில்லை. பெரும்போக விதைப்பு முடிந்து, மாரி மழை இறங்கி, அருவியாறு பெருக்கெடுத்து, பள்ளிக்கூட மண்டபங்களில் பாய் விரிக்கும் காலம். 2024 நவம்பர் கடைசியிலும் வெள்ளம், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடும் வெள்ளம். ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள், ஈரத் துணி, சாத்திய யன்னல், நடுவே இருமுகிற கிழவர். வைரசுக்கு இதைவிட நல்ல நாற்றுமேடை கிடையாது. ஊசி போட்டு இரண்டு கிழமைக்குப் பிறகுதான் உடம்பு தயாராகும். ஆகவே வெள்ளம் வந்தபின் தேடும் ஊசியல்ல இது. ஒக்டோபருக்குள், விதைநெல் எடுக்கும்போதே போட்டு முடிக்க வேண்டியது.

ஆனால் அந்த ஊசி எங்கள் முதியவர்களுக்கு அரசின் இலவச அட்டவணையில் இல்லை. காசு கொடுத்துத் தனியாரிடம்தான் போடவேண்டும். இது எமக்கு மனவருத்தமான விடயம். பிள்ளைகளுக்கான தடுப்பூசியில் இந்த நாடு பெருமைப்படலாம். யுத்தத்தின் நடுவிலும் குடும்பநல மாதுக்கள் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 1993க்குப் பிறகு இளம்பிள்ளைவாதம் இங்கு யாருக்கும் வரவில்லை. பிறந்த குழந்தையின் ஒவ்வொரு ஊசிக்கும் அட்டையில் கட்டம் உண்டு. அறுபது வயதில் அப்படி ஒரு அட்டை இல்லை, ஒரு கட்டமும் இல்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே அறுபதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், எட்டுப் பேரில் ஒருவர். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பயங்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். "அவர் ஊசி போட்டார், பத்து நாளில் போய்விட்டார்" என்ற கதை ஊருக்கு ஒன்று இருக்கும். கதை பொய்யல்ல. ஆனால் தள்ளாத வயதினர் ஆயிரம் பேருக்கு எந்த நாளில் என்ன செய்தாலும், பத்து நாளைக்குள் அவர்களில் யாரோ சிலர் இறப்பார்கள். வயதின் நியதி அது. 2021 ஜனவரியில் நோர்வேயில் பைசர் போட்ட பலவீனமான முதியவர்கள் முப்பது பேரளவில் இறந்தார்கள் என்று செய்தி வந்து உலகமே கலங்கியது. அந்த நாட்டு முதியோர் இல்லங்களில் வழமையாகவே கிழமைக்கு 400 பேரளவில் இறக்கிறார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் குழு விசாரித்து, ஊசியால் மரணம் கூடியதாகக் காணவில்லை என்றது. ஆனாலும், படுத்த படுக்கையாய்க் கடைசி நாட்களில் இருப்பவருக்கு ஊசி போடுவதா என்பதை வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள் என்றுதான் நோர்வேக்காரரும் சொன்னார்கள். அது நியாயம். ஊசி போட்ட இடம் நோகும், ஒருநாள் காய்ச்சல் காயும். முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பு தடித்து மூச்சடைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி இடம்பெயர்ந்தோருக்கு மட்டுமே உரிய சங்கடம். ஊசிப் பட்டியல் கிராம சேவையாளர் பிரிவின்படி போகும். எங்கள் முதியவர்கள் பதிவு ஓர் இடம், படுக்கை ஓர் இடம். 2021இல் எமக்குத் தெரிந்த ஒரு தாயாரை மகள் ஓட்டோ பிடித்து ஊசி போடும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். "பெயர் இங்க இல்லை, பதிஞ்ச ஊருக்குப் போங்கோ அம்மா" என்றார்கள். பதிந்த ஊருக்குப் போனால், "நீங்கள் இப்ப இங்க இருக்கிறதில்லையே" என்றார்கள். மூன்றாவது முறைதான் கிடைத்தது. ஓட்டோக் காசு அந்தக் கிழமை அரிசிக் காசு. நாம் இங்கே யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஏனென்றால் பிறகு எங்கள் பணிமனையிலுள்ள நிவாரணப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அதிலும் குடும்பத் தலைவரின் பெயர்தான் இருந்தது. அந்தத் தாயார் "அங்கத்தவர் 6" என்ற எண்ணுக்குள் ஒளிந்து கிடந்தா.

ஊசி போடுவது முதியவரின் தோளுக்கு மட்டுமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்வோம். "வெளிய போகாத அம்மாவுக்கு எங்கயிருந்து வரும்?" என்று கேட்டார்களே, மடியில் ஏறும் பேரப்பிள்ளையிடமிருந்து வரும். யப்பானில் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்புளுவென்சா ஊசி போட்டார்கள். 1994இல் அத்திட்டம் நின்றது. பிள்ளைகளுக்குப் போட்ட காலத்தில் முதியவர் மரணம் குறைந்திருந்தது, நின்றபின் கூடியது என்று 2001இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் தடிமன் பிடித்த பிள்ளையை நாலு நாள் ஆச்சியின் பாயில் படுக்கவிடாமல் தடுக்க ஆய்வு எதற்கு? இருமுகிறவர் முகக்கவசம் போடலாம். யன்னலைத் திறக்கலாம். பார்மசியில் கேட்டு வாங்கும் அன்ரிபயோட்டிக் குளிசை வைரசுக்கு ஒன்றும் செய்யாது, அந்தக் காசைச் சேமிக்கலாம். முதியவருக்கு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு மாறாட்டமானால், விடியட்டும் என்று பார்க்காமல் கொண்டுபோக வேண்டும். வயதானவருக்கு நெஞ்சுவருத்தம் முற்றினாலும் காய்ச்சல் பெரிதாகக் காயாமல் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

திருச்சபையும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. 2021இல்தான் பாப்பரசர் பிரான்சிஸ், யூலை மாத நான்காவது ஞாயிறைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். பல பங்குகளில் அன்றைக்குப் பூமாலையும் பொன்னாடையும் உண்டு. நல்லதுதான். பொன்னாடைக்குச் செலவிடும் காசில் எத்தனை ஊசி வாங்கலாம் என்று பங்குச் சபைகள் ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.

மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் நாம் கேட்பது இவைதான். மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரிவுகளிலும், அறுபதைத் தாண்டிக் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்களுக்காவது இன்புளுவென்சா ஊசி இலவசமாக, ஒக்டோபர் முடியுமுன் கொடுக்கப்பட வேண்டும். மாதாந்தக் கிளினிக்குக்கு வரும் நாளிலேயே கொடுத்தால் இரண்டாம் ஓட்டோக் காசு மிச்சம். நடக்க முடியாதவரின் வீட்டுக்குப் பெட்டி போக வேண்டும், அன்று பிள்ளைகளுக்குப் போனதுபோல. பதிவு எங்கே இருந்தாலும், அடையாள அட்டையைக் காட்டியவருக்கு நின்ற இடத்தில் போட வேண்டும்.

அதற்கு முன் எங்கள் பக்கத்து வேலை ஒன்று இருக்கிறது. எந்த வீட்டில் எந்த முதியவர் இரவு படுக்கிறார் என்ற பட்டியலை நாம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். பதிவு முகவரி அல்ல, படுக்கும் இடம். பெயர், வயது, என்ன வருத்தத்துக்குக் கிளினிக், கொவிட் ஊசி எத்தனை, கடைசி எந்த ஆண்டு. பேசாலையிலும் வங்காலையிலும் முருங்கனிலும் உறவினர் வீடுகளில் தங்கியிருப்பவர்களையும் விடவேண்டாம். அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுக் கிளினிக் கொப்பியையும் ஊசிக் காட்டையும் எடுத்து வாருங்கள். காட்டு வெள்ளத்தில் போயிருந்தால் அதையும் வந்து சொல்லுங்கள், அப்படியே எழுதிக்கொள்வோம்.